புரள்வதும் புரட்டுவதும்

"புரட்டு" என்னும் வார்த்தையை நாம் அடிக்கடி உபயோகிப்பதாகவும், அது பெரிய மனிதர்கள் வாயில் வரத்தகாத கொச்சை மொழி என்றும் நமது பண்டித நண்பர்கள் சிலர் குறைப்பட்டுக் கொள்ளுகிறார்கள். இன்னும் சிலர், புரட்டுக்கும் புரட்சிக்கும் வேர் ஒன்றுதான், ஆகையால் புரட்சி பேசுகிறவர்கள் யாவரும் புரட்டர்களே என்று இலக்கணம் காட்டிக் கேலியும் செய்கிறார்கள். வேர் ஒன்றுதான் என்பதை நாம் சந்தோஷமாகவே ஒப்புக் கொள்ளுகிறோம். ஆனால் அந்த வேரைப் பிடித்துக் கொண்டே போனால் அது யாருடைய வாசற்படியில் போய் நிற்கும் என்பதை இவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

முதலில் இலக்கணத்தையே எடுத்துக் கொள்ளுவோம். புரள் என்பது தன்வினை. புரட்டு என்பது பிறவினை. உருள், உருட்டு என்பதும், சுருள், சுருட்டு என்பதும் போலத்தான் இதுவும். தானே திரும்பினால் புரள்வது. மற்றொன்றைத் திருப்பினால் புரட்டுவது. வறள் என்பதிலிருந்து வறட்சியும், மிரள் என்பதிலிருந்து மிரட்சியும் வருவதுபோல, புரள் என்பதிலிருந்து வருவதுதான் புரட்சி. அதாவது, ஜனங்கள் தாங்களாகவே திரும்பினால் அது புரட்சி. ஜனங்களை ஒருவன் தன் லாபத்திற்காகத் திருப்பினால் அது புரட்டு. வேர் ஒன்றானாலும் செய்கிறவன் யார் என்பதில் அல்லவா வித்தியாசம் இருக்கிறது? இதைப் பண்டிதர்கள் சொல்லாமல் விட்டது ஏன்?

நிற்க, இந்த வினைச்சொல்லில் இழிவு எங்கே இருக்கிறது? செட்டிநாட்டு வீடுகளில் ஆச்சிமார் குழிப்பணியாரத்தைப் புரட்டிப் போடாவிட்டால் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் மாவாகவே நிற்கும். உழவன் மண்ணைப் புரட்டாவிட்டால் நமக்குச் சோறில்லை. படுக்கையில் கிடக்கும் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகெல்லாம் புண்ணாகும். பள்ளிக்கூடப் பிள்ளை ஏட்டைப் புரட்டாவிட்டால் எழுத்து வராது. இவைகளில் எது இழிவு? பேச்சைப் புரட்டும்போதும் கணக்கைப் புரட்டும்போதும் மாத்திரமே இந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வருகிறது. கெட்ட பெயர் சொல்லால் வந்ததல்ல, சொல்லுக்கு உரியவர்களால் வந்தது.

இன்னொரு வழக்கையும் கவனியுங்கள். "எப்படியோ பணம் புரட்டி விட்டேன்" என்று ஏழை சொல்லுகிறான். எதற்காகப் புரட்டினான்? பிள்ளையின் படிப்புக்கா, பெண்டாட்டியின் வைத்தியத்துக்கா என்றால், அதற்கும் உண்டு. ஆனால் செத்த தகப்பனுக்குக் காரியம் செய்யவும், கிரக தோஷத்துக்குச் சாந்தி கழிக்கவும், ஊரார் மெச்சச் சீர் வைக்கவும் அவன் காரைக்குடிக் கடைவீதியில் தாலிக்கொடியை அடகு வைத்துப் புரட்டுவதையும் நாம் பார்க்கவில்லையா? திதி கொடுக்காவிட்டால் செத்தவன் பட்டினி கிடப்பான் என்று சொல்லுவது ஒரு புரட்டு. அதை நம்பி உயிரோடு இருக்கிற மகன் பட்டினி கிடந்து பணம் திரட்டுவது மற்றொரு புரட்டு. முன்னது இல்லாவிட்டால் பின்னதற்கு வேலையே இல்லை.

இதைச் செட்டிநாட்டாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமா? கணக்கு என்றால் என்னவென்று உலகத்துக்குக் காட்டியவர்கள் அல்லவா அவர்கள்! ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கிட்டங்கிகளில் பெட்டியடிப் பையனாய் உட்கார்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, பேரேட்டைப் புரட்டிப் புரட்டியே பெருஞ்செல்வம் சேர்த்தவர்கள். 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்து, வாங்கிய கடனைக் கட்டமாட்டாமல் குடியானவர்கள் நிலத்தை விட்டதில், 1938-க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் சுமார் கால்பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்தது. குடியானவனின் நிலத்தை இழக்க வைத்த அந்தக் கணக்கை நாம் புகழ வரவில்லை. அதில் ஒரு சல்லியும் கேள்வி கேட்கப்படாமல் போனதில்லை என்பதைத்தான் சொல்லுகிறோம். மகமை என்று சாமிக்குக்கூடத் தனிக் கணக்கு வைத்தார்கள். அப்படிப்பட்டவர்கள், கொடுத்த மகமைக்குச் சாமி என்ன வரவு வைத்தது என்று மாத்திரம் ஏன் கேட்கவில்லை? பேரேட்டைப் புரட்டும்போது விழித்திருக்கிற அறிவு, புராணத்தைப் புரட்டும்போது தூங்கி விடுவானேன்? ஏட்டுக்கா இந்தச் சீமையில் பஞ்சம்? கோட்டையூர் ரோஜா முத்தையா தம் ஆயுள் முழுவதும் சேர்த்து வைத்த புத்தகங்கள், அவர் 1992-இல் காலமான பிறகு சென்னையில் அவர் பெயராலேயே பெரிய நூலகமாகி விட்டன. இங்கே குறைவாக இருப்பது ஏடு அல்ல, சந்தேகப்பட்டுப் புரட்டிப் பார்க்கும் கைகளேயாகும்.

கடைசியாக, புரள்வதற்கு வருவோம். கரூர்ப் பக்கத்து நெரூரில், அன்னதானத்தில் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போன எச்சில் இலைகளின்மேல் பக்தர்கள் புரள்வது ஒரு நேர்த்திக்கடனாக இருந்தது. நமது சிவகங்கைச் சீமைக்கும் நியாயஸ்தலமாயுள்ள உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2015-இல் இதைத் தடுத்தது. 2024 மே மாதத்தில் ஒரு தனி நீதிபதி அனுமதி கொடுத்தார். 2025 மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் அந்த அனுமதியை ரத்து செய்தார்கள். "அவன் தானாகவே புரள்கிறான், அது அவன் உரிமை, உங்களுக்கென்ன?" என்று கேட்கிறார்கள். தானாகவா? எச்சில் இலையில் புண்ணியம் இருக்கிறது என்று எந்தக் குழந்தையாவது பிறக்கும்போதே தெரிந்து கொண்டு வருகிறதா? புரள்வது அவன் உடம்பு. ஆனால் அவன் புத்தியைப் புரட்டியவன் வேறொருவன். அந்தப் புரட்டியவன் ஒருநாளும் இலைமேல் புரள்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பார்வைக்குத் தன்வினையாய் இருப்பது உள்ளே பிறவினை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த இலக்கணப் புத்தகத்தில் கிடைக்கும்?

1933-இல் "குடி அரசு" நின்றபோது அதனிடத்தில் வந்த வாரப் பத்திரிகைக்குப் "புரட்சி" என்று பெயர் வைத்தது காரணமில்லாமல் அல்ல. அடுத்தவன் புரட்டப் புரண்டு கொண்டிருந்தவர்கள் இனித் தாங்களாகவே திரும்ப வேண்டும் என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம்.

ஆகவே தோழர்களே, நாளைக்கு உங்களிடம் ஒருவர் வந்து, "அவசரமாய்ப் பணம் புரட்ட வேண்டும்" என்று சொன்னால், இருப்பதைக் கொடுங்கள். ஆனால் கொடுக்குமுன், "எந்தப் புரட்டுக்காக?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் யோசித்துப் பதில் சொல்ல ஆரம்பித்தால், அவர் தாமாகவே திரும்ப ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம்.