பாடசாலையை விட்ட பிள்ளைக்கு அடையாள அட்டை எடுத்துக் கொடுப்பது யார்?

தோட்டத்தில் அடையாள அட்டை இல்லாதவர்கள் என்றதும் வயதான தாத்தா, பாட்டிமாரின் முகம்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் லயம் லயமாகப் போய்க் கேட்டுப் பாருங்கள். 17, 18, 20 வயதுப் பிள்ளைகளும் அட்டை இல்லாமல் இருக்கிறார்கள். அவர்களில் அநேகர் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே பாடசாலையை விட்டவர்கள். இது தற்செயலாக நடப்பதில்லை. அட்டை எடுக்கும் வழி அப்படி அமைந்திருக்கிறது.

நம் நாட்டில் தேசிய அடையாள அட்டை 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது. முன்பு 16 வயதில் எடுத்தோம். 2016இல் சட்டம் திருத்தப்பட்டு அது 15 வயதானது. பாடசாலையில் இருக்கும் பிள்ளைக்கு அதிபரே விண்ணப்பத்தை உறுதிப்படுத்தி அனுப்புவார். பரீட்சைக்கு அட்டை வேண்டும் என்பதால் வகுப்பாசிரியரும் விடமாட்டார். "பிறப்புச் சான்றிதழ் எங்கே, படம் எடுத்தாயா, அம்மாவை வரச் சொல்" என்று நாங்கள் நாள்தோறும் கேட்டுக்கொண்டே இருப்போம். அந்தத் தொல்லையில்தான் வேலை நடக்கிறது.

14 வயதில் பாடசாலையை விட்ட பிள்ளையை இப்படிக் கேட்க யாருமில்லை. கட்டாயக் கல்வி 16 வயது வரை என்று சட்டம் சொன்னாலும், இடையில் நிற்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை 15 வயதைத் தொடும்போது கொழும்பில் ஒரு கடையிலோ வீட்டிலோ இருக்கும். இல்லையென்றால் பக்கத்துத் தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும். அட்டை வேண்டுமானால் அது தானாகவே தோட்டத்துரையிடமோ கிராம உத்தியோகத்தரிடமோ போய் நிற்க வேண்டும். பெரியவர்களே தயங்கும் இடத்துக்கு அந்த வயதுப் பிள்ளை தனியாகப் போகுமா?

அட்டை இல்லாமல் என்ன நடக்கிறது? பொலிஸ் சோதனையில் காட்ட ஒன்றுமில்லை. வங்கியில் சொந்தக் கணக்குத் திறக்க முடியாது. சம்பளம் இன்னொருவர் கணக்குக்குப் போகிறது. முச்சக்கரவண்டி ஓட்டத் தெரிந்திருந்தாலும் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. கடவுச்சீட்டும் கிடைக்காது. தேர்தல் நேரத்தில் தற்காலிக அட்டை ஒன்று கொடுப்பார்கள். அது வாக்குச்சாவடிக்கு மட்டும்தான். மறுநாள் அதை வைத்து ஒரு வேலையும் ஆகாது.

"சங்கம் சம்பளத்தைப் பார்க்கட்டும், அட்டை அவரவர் குடும்பத்து விஷயம்" என்று சில தலைவர்மார் சொல்கிறார்கள். சங்கத்துக்கு ஏற்கனவே வேலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அட்டையும் சம்பள விஷயம்தான். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், தொழில் கொடுப்பவர் 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். இந்தப் பணம் ஒருவர் பெயரில் சேர வேண்டுமானால் அவரை அடையாள அட்டை இலக்கத்தோடு பதிய வேண்டும். அட்டை இல்லாத பிள்ளையை "பிறகு பார்ப்போம்" என்று கைக்காசிலேயே வைத்துக்கொள்வது முதலாளிக்கு இலாபம். அந்தப் பிள்ளைக்குத் தன் உரிமையைக் கேட்கப் பிடிமானம் இல்லை. செக்ரோலில் பெயர் இல்லாதவர்கள் கூடிக்கொண்டு போகும் காலத்தில் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது.

அட்டை எடுத்தவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. அது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், அட்டையில் இன்னொரு எழுத்து. பழைய அட்டைகள் பலவற்றில் சிங்களத்தில் மட்டுமே எழுதியிருந்ததால், என்ன எழுதியிருக்கிறது என்றுகூட நம்மவர்கள் பலருக்குத் தெரியவில்லை. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போதுதான் அது தெரிய வருகிறது. "இரண்டு பேரும் ஒருவரே" என்று காட்ட ஒவ்வொரு கந்தோராக அலைய வேண்டும். ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு நாள் பேர் போகிறது. பஸ் காசு வேறு.

அடுத்தது கையெழுத்து. தோட்டத்தில் வசிப்பவரின் விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்தலாம். அது அவர் செய்ய வேண்டிய கடமை, காட்டும் சலுகை அல்ல. பல தோட்டங்களில் இது ஒழுங்காக நடக்கிறது. நடக்காத இடங்களும் உண்டு. "உன் வீட்டில் யாரும் வேலைக்கு வருவதில்லையே" என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினால், நாட்டின் பிரஜைக்கு உரிய ஒன்றைத் தோட்ட வேலையோடு முடிச்சுப் போடுவதாகும். அப்படிப்பட்ட இடத்தில் தோட்டத் தலைவர் கூடப் போக வேண்டும். கிராம உத்தியோகத்தர் மூலமாகவும் விண்ணப்பிக்கலாம் என்பதை எல்லா வீட்டுக்கும் சொல்ல வேண்டும்.

காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பெரியவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கணக்குப் பார்த்துப் பிரித்தது. மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை போராட வேண்டியிருந்தது. அவ்வளவு பாடுபட்டு வாங்கிய உரிமை ஒரு பிள்ளையின் கைக்கு அட்டையாக வந்து சேராவிட்டால், அதன் பயன் அந்தப் பிள்ளைக்குப் பாதிகூடக் கிடைக்காது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு அடையாள அட்டைக் கொப்பி வைத்திருக்க வேண்டும். லயம் வாரியாக, 14 வயதுக்கு மேற்பட்ட எல்லோருடைய பெயரும் அதில் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ் உண்டா, அட்டை உண்டா, இரண்டிலும் பெயர் ஒன்றுதானா என்று மூன்றே கேள்விகள். மாதர் அணித் தலைவிமார் இதைச் செய்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துவிடும்.

பாடசாலைகளும் தங்கள் பங்கைச் செய்யலாம். இடைவிலகிய பிள்ளைகளின் பெயரும் பிறந்த திகதியும் சேர்வு இடாப்பில் இருக்கின்றன. 14 வயதில் ஒரு பிள்ளை நின்றால், அந்த விபரம் பெற்றோருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அப்போதே போக வேண்டும். முதல் வேலை பிள்ளையைத் திரும்பக் கூட்டி வருவது. அது முடியாமல் போனாலும் அட்டையாவது தவறக் கூடாது.

பிறப்பே பதியப்படாதவர்களின் விஷயம் கொஞ்சம் நீளமானது. பதிவாளரிடம் தேடிப் பார்த்து, காலங்கடந்த பதிவோ உத்தேச வயதுச் சான்றிதழோ எடுக்க வேண்டும். அதைத் தனியாளாகச் செய்வது கஷ்டம். பத்துப் பேரின் விண்ணப்பத்தைச் சேர்த்து சங்க மாவட்டக் காரியாலயம் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோனால், நடமாடும் சேவை ஒன்றைக் கேட்கவும் நமக்கு நியாயம் இருக்கும். அந்தச் சேவை தீபாவளிக்கோ கோயில் திருவிழாவுக்கோ கிட்டிய நாட்களில் தோட்டத்துக்கு வர வேண்டும். கொழும்பில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வருவது அப்போதுதான்.

டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது என்று அரசாங்கம் சொல்லி வருகிறது. இந்தியாவும் அதற்கு உதவி செய்கிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் இன்றைக்குப் பதிவில் இல்லாதவர் நாளைய பதிவிலும் எளிதாகச் சேரமாட்டார். பிழையான பெயர் அங்கேயும் பிழையாகவே போய் உட்காரும். புதிய அட்டை வருவதற்கு முன்பே பழைய குறைகளைத் தீர்த்துவிட வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சம்பளம், கொழுந்து நிறை, லயத்துக் கூரை எல்லாம் பேசுவோம். அவற்றோடு இதையும் ஒரு விடயமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் தோட்டத்தில் அட்டை இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று தலைவரிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அன்றைக்கே ஒரு கொப்பி வாங்கி எழுதத் தொடங்குங்கள்.