பேட்டரி மாற்றவும் உத்தரவு வேண்டும்

பழைய ஜெர்மன் கார் வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மெயின்டனன்ஸ் அதிகமாமே?" அதிகம்தான், தெரிந்துதான் வாங்கினேன். செலவைக் குறைக்கலாம் என்று நானே ஸ்பானரை எடுத்தால், அந்தக் கையையும் தட்டிவிடுகிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

பேட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வண்டியில் கால் மணி நேர வேலை. என் வண்டியில் அது பானெட்டுக்குள் இல்லை, டிக்கியில் இருக்கிறது. எடை முன்னும் பின்னும் சமமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள், போகட்டும். புதியதை மாட்டிய பிறகுதான் கூத்து. 'புது பேட்டரி வந்திருக்கிறது' என்று வண்டியின் கம்ப்யூட்டரிடம் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால், செத்துப்போன பழையதுதான் இன்னும் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அந்தக் கணக்கிலேயே சார்ஜ் ஏற்றும்; புதியதன் ஆயுளும் சீக்கிரம் முடியும். காசு கொடுத்து வாங்கிய பேட்டரியை என் வண்டிக்கு அறிமுகம் செய்துவைக்க இன்னொருவரின் ஸ்கேனருக்குக் காத்திருக்கிறேன்.

பின்சக்கர பிரேக் பேடும் இதே கதை. ஹேண்ட் பிரேக் லீவர் போய் பட்டன் வந்துவிட்டது. காலிபருக்குள் ஒரு சின்ன மோட்டார். பழைய பேடைக் கழற்றி பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும் என்றால், முதலில் கம்ப்யூட்டர் வழியாக அந்த மோட்டாரைப் பின்வாங்கச் சொல்ல வேண்டும். பலத்தைக் காட்டி அழுத்தினால் மோட்டார் போய்விடும். பேட் விலை ஆயிரங்களில்; காலிபர் விலையைக் கேட்டால் உட்கார நாற்காலி தேவைப்படும்.

ஆயில் அளவு பார்க்கும் குச்சியையே எடுத்துவிட்டார்கள். துணியில் துடைத்துப் பார்ப்பது அநாகரிகம் என்று நினைத்தார்களோ என்னவோ! என்ஜின் சூடேறட்டும் என்று காத்திருந்து, திரையில் மெனுவுக்குள் மெனுவாக நுழைந்தால்தான் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். கியர்பாக்ஸ் ஆயில் இன்னும் வேடிக்கை. 'ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை' என்கிறார்கள். யாருடைய ஆயுள்? இந்த வகைக் கார்கள் பலவற்றுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனம், 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேட்பதா, விற்றவன் பேச்சைக் கேட்பதா?

போல்ட்டுகளைப் பற்றித் தனியாகப் புலம்பலாம். நட்சத்திரம் போல உள்ளே குழிந்தது ஒரு ரகம், அதே நட்சத்திரம் வெளியே துருத்திக்கொண்டிருப்பது ஒரு ரகம், பன்னிரண்டு முனையோடு ஒரு ரகம். இவற்றையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. டூல் வாங்கினால் தீர்ந்தது. சென்னை வெயிலில் வெந்து வெந்து பானெட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கூலன்ட் பைப்பும் கிளிப்பும் தொட்டாலே அப்பளமாக நொறுங்குவதையும் பொறுத்துக்கொள்ளலாம். வயதானால் நமக்கும்தான் எலும்பு தேய்கிறது. கஷ்டமான வேலை வேறு, பூட்டிவைத்த வேலை வேறு.

பூட்டு எங்கே இருக்கிறது என்று சென்னை புதுப்பேட்டைக்குப் போனால் தெரியும். கண்டம் செய்த கார்களிலிருந்து கழற்றிய கதவு, கண்ணாடி, பம்பர் எல்லாம் அங்கே கிடைக்கும். என் வண்டிக்கான ஹெட்லைட்டையோ கியர்பாக்ஸ் கன்ட்ரோல் யூனிட்டையோ தேடிப் பிடித்து வாங்கினாலும் வேலை முடியாது. போல்ட் பொருந்தும், சாக்கெட் பொருந்தும், வண்டி மட்டும் ஏற்காது. அந்த யூனிட் பழைய காரின் சேஸிஸ் நம்பரை நெஞ்சில் எழுதிவைத்திருக்கிறது. அதை அழித்து என் வண்டி நம்பரை எழுத வேண்டும். நம் தெரு மெக்கானிக் தம்பி என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கி ஏற்றுவான். அவனே கையை விரிக்கிறான்: "சார், இதுக்கு லேப்டாப்காரரைத்தான் கூப்பிடணும். கம்பெனி சாப்ட்வேரை நமக்குத் தர மாட்டாங்க."

தர வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. உதிரிபாகங்களையும் ஸ்கேனர் போன்ற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இந்திய நிறுவனம், வெளிநாட்டு நிறுவனம் என்ற பேதமில்லாமல் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே மக்கள் வாக்களித்து இந்தப் பழுதுநீக்கும் உரிமையை வாங்கிவிட்டார்கள். நம் மத்திய அரசும் 2022-இல் பழுதுநீக்கும் உரிமைக்குக் குழு அமைத்தது, இணையதளம் திறந்தது. செல்போன், வீட்டுச் சாதனங்கள், விவசாயக் கருவிகளோடு வாகனங்களும் அதன் வரம்புக்குள் உண்டு. ஆனாலும் என் தெருவில் பின் பிரேக் பேட் மாற்ற லேப்டாப்காரர் வரவேண்டியிருக்கிறது.

பணக்காரன் பிரச்சினை என்று தள்ளிவிடாதீர்கள். பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொல்ல, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே வேண்டாம் என்று தள்ளிய சொகுசு கார்கள் பாதி விலைக்கும் கீழே தெற்கே இறங்கின. வாங்கியவர்கள் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள். நல்ல இரும்பு, கதவைச் சாத்தினால் கேட்கும் அந்த டொப் சத்தம், மழையிலும் ரோட்டைவிட்டு விலகாத சக்கரம். இன்னும் பத்து ஆண்டு தாராளமாக ஓடும் வண்டிகள். என்ஜின் நன்றாக இருக்கும்போதே, ஒரு யூனிட்டுக்குச் சொல்லும் விலையைக் கேட்டு அவற்றைப் புதுப்பேட்டைக்கு அனுப்புகிறோம்.

இலவசமாக எதையும் கேட்கவில்லை. ஒர்க் ஷாப் மேனுவலுக்கு ஒரு விலை வையுங்கள், ஸ்கேனர் சாப்ட்வேருக்கு நாள் வாடகை வையுங்கள். நாங்களும் எங்கள் தெரு மெக்கானிக்கும் பணம் கட்டியே வாங்கிக்கொள்கிறோம்.