ஆய்வுக்கு அழைப்பு வந்தால்...

சென்ற பருவத்தின் தொடக்கத்தில் இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, “ஐயா, ஓர் ஆய்வுத் திட்டத்தில் சேர அழைக்கிறார்கள். சேரட்டுமா, வேண்டாமா?” என்று வினவினார். வீடுகளில் எஞ்சியிருக்கும் அரபுத்தமிழ் நூல்களைத் தேடிப் பட்டியலிடும் திட்டம் அது. மாணவரோ மாலையில் ஒரு ஜவுளிக்கடையில் பணிபுரிபவர். அவ்வூதியத்தில்தான் அவருடைய தேர்வுக் கட்டணமும் தங்கையின் பள்ளிச் செலவும் அடங்கியுள்ளன. திட்டத்தில் சேர்ந்தால் கடை வேலையை விட்டாக வேண்டும். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஆய்வு முதுகலைக்குப் பிறகு செய்ய வேண்டியது, இளங்கலையில் பாடத்தைப் படித்தால் போதும் என்பர் ஒரு சாரார். வந்த வாய்ப்பை விடலாகாது, சான்றிதழாவது பின்னால் உதவும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் முழு உண்மையல்ல என்பது என் கருத்து.

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரை எண்ணிப் பாருங்கள். 1928 ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, அவருடைய நூலை முன்னரே கற்றிருந்த அம்மாணவர் அவரை நேரிற்சென்று கண்டார். அந்நூல் வெளிவந்த பின் இயற்பியலின் அடிப்படையே மாறிவிட்டதென அறிஞர் எடுத்துரைத்தார். அச்சேறவிருந்த தம் கட்டுரையையும் படிக்கக் கொடுத்தார். அதனை ஊன்றிக் கற்ற மாணவர் எழுதிய கட்டுரை 1929 இல் இலண்டன் ராயல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அவர் பட்டம் பெற்றதோ 1930 இல்தான். நோபல் பரிசு 1983 இல் வந்தது. எல்லோரும் சந்திரசேகர் ஆகிவிட முடியாது. ஆயினும், பாடநூல் முடிந்த முடிபன்று என்பதை அவர் மாணவப் பருவத்திலேயே உணர்ந்தார் என்பதும், அதனை உணர்த்தியவர் அந்நூலை எழுதியவரே என்பதும் நாம் கருதத்தக்கன.

என் தலைமுறையினர்க்கு முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் இடையே எம்.ஃபில். என்றொரு படி இருந்தது. ஆய்வு நமக்கு ஒத்துவருமா என்பதை ஓராண்டில் அங்கே அறிந்துகொண்டோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு விதிமுறைகள் அப்படியை அகற்றிவிட்டன. நீந்திப் பாராமல் நேரே ஆழத்தில் இறங்க வேண்டிய நிலை இன்றைய மாணவருடையது. ஆதலால், இளங்கலையிலேயே சிறிதளவு ஆய்வுப் பழக்கம் பெறுவது முன்னினும் தேவையாகிவிட்டது.

அவ்வாறாயின், அழைத்தவுடன் சேர்ந்துவிடலாமா? வள்ளுவர் ‘தெரிந்துசெயல்வகை’ என ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். இழப்பது எது, கிடைப்பது எது, பின்னர் விளையும் பயன் எது என மூன்றையும் எண்ணிச் செயலில் இறங்குக என்பது அதன் முதற்குறள் தரும் பொருள். இம்மூன்றையும் மாணவர் தமக்குள் கேட்டுக்கொண்டால் போதும்.

இங்கே என் அனுபவம் ஒன்றைக் கூற வேண்டும். இளங்கலை பயின்ற காலத்தில் நானும் ஓர் ஆய்வுப் பணியில் சேர்ந்தேன். ஓராண்டு முழுவதும் நூலகத்தில் அமர்ந்து குறிப்பட்டைகள் எழுதினேன். எதற்காக எழுதுகிறேன் என்று எவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணிவிட்டேன். அப்பருவத்தில் ஒரு தாளில் தோல்வியுற்றேன். ஆய்வு நூலாக வெளிவந்தபோது முன்னுரையில் பலர்க்கு நன்றி இருந்தது. என் பெயர் இல்லை. பெயர் விடுபட்டதை நாளடைவில் மறந்துவிட்டேன். அந்த ஆய்வின் வினா இன்னதென்று அறியாமலேயே ஓராண்டைக் கழித்தேனே, அதைத்தான் இன்றும் மறக்க இயலவில்லை.

ஆகவே, அந்த மாணவரிடம் நான் சொன்னது இதுதான்: “திட்டத் தலைவரைப் பணிவோடு சந்தியுங்கள். இத்திட்டம் எந்த வினாவுக்கு விடை தேடுகிறது, அதில் என் பங்கு என்ன, வாரத்திற்கு எத்தனை மணி நேரம் வேண்டும், என் உழைப்பு எங்கே குறிக்கப்படும் என்று கேளுங்கள். விடை தெளிவாக இருந்தால் சேருங்கள். இல்லையேல் நன்றி கூறி விலகுங்கள். விலகுவதால் யாருக்கும் அவமதிப்பில்லை.”

பேச்சினிடையே மற்றொன்றும் தெரியவந்தது. அவருடைய பாட்டியார் அரபுத்தமிழைச் சரளமாகப் படிப்பவராம். அரபு எழுத்தில் இல்லாத ட, ண, ள முதலிய ஒலிகளுக்குப் புது வடிவங்கள் வகுத்துக்கொண்டு நம் முன்னோர் தமிழை எழுதிய அம்முறையைப் படிக்க வல்லோர் இன்று அருகிவிட்டனர். ஆய்வாளர் ஊர் ஊராகத் தேடும் அறிவு அம்மாணவரின் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. இளங்கலை மாணவரிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவரைத் திட்டத்தில் சேர்ப்பது அவர்க்குச் செய்யும் சலுகையன்று. அவர் தம் காலத்தைத் தருகிறார். ஏழை வீட்டுப் பிள்ளையின் காலத்திற்கு விலையுண்டு. திட்ட நிதியில் அவர்க்குச் சிறு உதவித்தொகைக்கேனும் வழி செய்ய வேண்டும். தேர்வுக் காலத்தில் விடுவிக்க வேண்டும். அவருடைய பெயரை அச்சில் இட வேண்டும். சமுதாயப் பெரியோர்கள் பரிசளிப்பதோடு நில்லாமல், மாலை வேலையை நம்பிப் படிக்கும் மாணவர் ஓரிருவர்க்கேனும் அந்நேரத்தை மீட்டுத் தந்தால், அதுவே நிலைத்த அறமாகும்.

அம்மாணவர் தலைவரைக் கண்டு பேசினார். இப்பருவத்தில் இயலாது, கோடை விடுமுறையில் வருகிறேன் என்றார். அவரும் மனமுவந்து இசைந்தார். அதுவரை வெள்ளிக்கிழமைதோறும் பாட்டியாரிடம் அமர்ந்து எழுத்துக் கற்கிறாராம். ஆய்வில் அவர் இன்னும் சேரவில்லை என்று ஏடுகள் சொல்லலாம். அவர் ஆய்வைத் தொடங்கிவிட்டார் என்றே நான் சொல்வேன்.