இன்ட் எத்தனை பைட்?

சி மொழியில் இன்ட் வகை மாறி எத்தனை பைட் இடம் பிடிக்கும் என்று கேட்டால், பழைய கொப்பி வைத்திருக்கும் மாணவர் "இரண்டு" என்பர். புதிய கொப்பிக்காரர் "நான்கு" என்பர். இரண்டையும் எழுதிக் கொடுத்தவன் நானே. கலைப்பட்டதாரியான நான் கணினியைப் பிற்பாடே கற்றேன். நூலில் இருந்ததைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டது என் பிழை.

சி மொழியின் நியமம் இன்ட்டுக்கு ஒரே அளவை விதிக்கவில்லை. ஆகக்குறைந்தது -32767 முதல் 32767 வரை கொள்ள வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். 16 பிட் கணினிகளில் அது பொதுவாக 2 பைட். இன்றைய மேசைக் கணினிகளில் 4. லோங் வகையோ 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். கணினி ஒன்றாயினும் விடை இரண்டு!

இது வெறும் மனனப் பிரச்சினை அன்று. பிரின்ட்எஃப் தனக்கு வரும் எண்ணின் வகையை அறியாது. நாம் எழுதும் %டி போன்ற குறியை நம்பியே வாசிக்கும். 500 கோடியை, அதாவது 5000000000 ஐ, 8 பைட் மாறியில் இடுங்கள். அதனுடன் 7 என்ற இன்ட்டையும் கொடுத்து, இரண்டுக்கும் %டி எழுதுங்கள். நியமப்படி இதன் விளைவு வரையறுக்கப்படாதது. எனினும் இன்டெல் வகை 64 பிட் கணினியில் வழக்கமாக 705032704, 7 என வரும். 5000000000 இலிருந்து 2 இன் 32 ஆம் வலுவாகிய 4294967296 ஐக் கழித்தால் காரணம் புரியும். அதையே 32 பிட்டுக்குத் தொகுத்தால் வருவது 705032704, 1. ஏழு எங்கே போயிற்று? முதல் எண்ணின் மேற்பாதியான 1 அடுத்த இடத்தில் நிற்க, இரண்டாவது %டி அதை வாசித்துவிட்டது. இன்றைய தொகுப்பான்கள் இதை எச்சரிக்கக்கூடியவை. நாம்தான் அந்த வரிகளை வாசிப்பதில்லை.

1999 ஆம் ஆண்டு நியமம் வழி காட்டியது. லோங் லோங் வகைக்கு %எல்எல்டி எழுதலாம். சரியாக 64 பிட் வேண்டுமெனில் இன்ட்64_டி வகை. அதனை அச்சிட பிஆர்ஐடி64 என்ற பெயரை மேற்கோள் குறிக்கு வெளியே எழுத வேண்டும். பார்வைக்கு அழகில்லை, ஆனால் கணினி மாறினாலும் விடை மாறாது.

"பைதனில் இந்த எல்லை இல்லையே சேர்?" என்பீர்கள். உண்மை. ஆனால் இரண்டின் நிரப்பியைப் படிக்கும்போது பிட் எண்ணிக்கையைக் கேட்காமல் விடை காண்கிறீர்களா?

கணினியையும் தொகுப்பானையும் குறிப்பிடாமல் "இன்ட் எத்தனை பைட்?" என வினவுவது பிழையான வினா என்பதே என் கருத்து. அப்படி வந்தால், எந்தக் கணினியைக் கருதினீர்கள் என ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். என் வகுப்புப் பரீட்சையில் அந்த வரிக்கும் ஒரு புள்ளி இடுகிறேன்.