படுக்கையில் கிடப்பவரைப் பராமரிப்பதும் உழைப்பே!

கந்தர்வகோட்டை, கறம்பக்குடி, ஆவுடையார்கோயில் என்று நமது ஜில்லாவில் எந்தப் பக்கம் போனாலும், திண்ணையிலோ கொட்டகையிலோ படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மனிதர்களைப் பார்க்கலாம். பக்கவாதத்தில் கைகால் விழுந்துபோன கிழவி. தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போன வாலிபன். மில்லில் ஆயுள் முழுவதும் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து, நாலு அடி நடந்தால் மூச்சு முட்டும் தொழிலாளி. இவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் உயிர் தப்பி வந்தவர்கள்தான். முள்ளூரில் 2017ல் திறந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. வீடு வந்து சேர்ந்த பிறகு என்ன? பிரச்னை அங்கேதான் ஆரம்பமாகிறது.

ஒரு விவசாயத் தொழிலாளி வீட்டை எடுத்துக்கொள்வோம். மாமியார் படுக்கையில். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மருமகள் விடியுமுன் எழுந்து, கஞ்சி கொடுத்து, துணி மாற்றிவிட்டு நடவுக்கு ஓடுகிறாள். மத்தியானம் அவள் கரையேறி வரும்வரை கிழவி ஈரத்திலேயே கிடக்க வேண்டும். வேலைக்குப் போகாமலிருந்தால் அன்றைய கூலி போச்சு, அடுப்பும் எரியாது. அவளைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

நல்ல பராமரிப்பு என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் தோல் கன்றிச் சிவந்து, புண்ணாகி, எலும்பு வரை குழி விழும். கஞ்சியை நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும். படுத்தபடி ஊட்டினால் புரையேறி நெஞ்சைக் கெடுக்கும். மூத்திரக் குழாய் போட்டிருந்தால் பை எப்போதும் உடம்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். குளிப்பாட்டும்போது ஒரு சேலையையாவது மறைப்பாகக் கட்ட வேண்டும். படுக்கையில் கிடந்தாலும் மானம் மானம்தான். இவற்றுக்கெல்லாம் வேண்டியது கையும் நேரமும், கொஞ்சம் பயிற்சியும். ஆனால் இரவும் பகலுமாகப் பன்னிரண்டு தடவை புரட்டுகிறவள் எப்போது தூங்குவது, எப்போது கூலிக்குப் போவது?

பணக்காரன் வீட்டில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. ஏஜென்சிக்குச் சொன்னால் ஆள் வந்துவிடுகிறது. வருகிறவள் யார்? நம்முடைய ஊர்களிலிருந்து போன பெண்தான். சொந்தத் தாயை அண்டை வீட்டில் ஒப்படைத்துவிட்டு ஊரார் தாய்க்குப் பணிவிடை செய்கிறாள். ஏஜென்சி கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறது. ஏழை வீட்டுக்கோ 2007ம் வருஷச் சட்டத்தைக் காட்டுகிறார்கள். பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமையாம்! கடமையை யார் மறுத்தார்கள்? கடமையைச் சட்டமாக்கிய மத்திய சர்க்கார், 80 வயதுக்குட்பட்ட முதியவரின் பென்ஷனுக்குத் தன் பங்காகத் தருவது மாதம் 200 ரூபாய்.

2021 ஆகஸ்ட் 5ந் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழந்த ஜனங்களுக்கு அது வாசலுக்கே வருவது சின்ன விஷயமல்ல. 2024ல் ஐ.நா. விருதும் அதற்குக் கிடைத்தது. ஆனால் படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க ஒன்றியத்துக்கு ஒரு நர்ஸ், ஒரு பிசியோதெரபிஸ்ட் என்பதே அதன் ஏற்பாடு. நமது ஜில்லாவில் ஒன்றியங்கள் 13. பஞ்சாயத்துகள் ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நர்ஸுக்கு ஏறத்தாழ 38 பஞ்சாயத்து! நாளுக்கு ஒரு பஞ்சாயத்து என்று ஓடினாலும் அதே வாசலை மறுபடி மிதிக்க ஒரு மாதத்துக்கு மேலாகும். புண்ணுக்குக் கட்டு மாற்ற அதுவரை காத்திருக்க முடியுமா?

மாத்திரைப் பையைச் சுமந்து வீடு வீடாய்ப் போகும் பெண்ணுக்குத் ‘தன்னார்வலர்’ என்று பெயர். பெயரிலேயே கூலியைக் கழித்துவிட்டார்கள். மாதம் 4,500 ரூபாயில் தொடங்கி, பின்னர் 5,500 ஆயிற்று. 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 211 ரூபாய். அதுவும் சம்பளமல்ல, ஊக்கத்தொகையாம்!

1991ல் அறிவொளி இயக்கத்திலே சைக்கிள் கற்று ஊரை அசத்தியவர்கள் இந்த ஜில்லாவின் பெண்கள். கல்குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்களும் அவர்களில் உண்டு. அன்று இருபத்தைந்து வயதாயிருந்தவளுக்கு இன்று அறுபது. நாளை அவளைப் புரட்டிப் படுக்கவைக்கப் போவது யார்?

கேரளத்தில் 1993ல் கோழிக்கோட்டில் துவங்கிய வலி தணிப்பு இயக்கத்தை, 2008ல் இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் தன் கொள்கையாக ஏற்றது. பஞ்சாயத்துப் பணத்திலே நர்ஸ் வீடு தேடிப் போகும் ஏற்பாடு வந்தது. பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் திட்டமும் அங்கே உண்டு. அந்த 600 பல மாதம் பாக்கி விழுந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. நம்மவர்கள் ஆண்டாலும் குறை குறைதான்.

நாம் கேட்பது இதுதான்: நாலைந்து பஞ்சாயத்துக்கு ஒரு நர்ஸ் வேண்டும். தன்னார்வலர் என்ற பெயரை நீக்கி, ஊழியர் என்று ஏற்று, குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும். பராமரிப்பவருக்கு உதவித்தொகை என்று 2016ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24வது பிரிவில் எழுதியிருக்கிறது. அது எந்தெந்த வீட்டுக்கு வந்தது, எதற்கு வரவில்லை என்று கணக்கெடுக்க வேண்டும். மில் தொழிலாளருக்கு ஒரு வார்த்தை: பஞ்சுத் தூசி நோய் சட்டப்படி தொழில்சார் நோய். சங்கத்தில் பதிவு செய்யாமல் வீட்டோடு முடங்கிவிட வேண்டாம்.

ஒவ்வொரு கிளையும், மாதர் சங்கத்தையும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு, தன் ஊரில் படுக்கையில் கிடப்பவர் யார், பராமரிப்பவர் யார், அவர் இழக்கும் கூலி எவ்வளவு, நர்ஸ் கடைசியாக வந்தது எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். மே 1ந் தேதி கிராம சபை கூடும். அந்த நோட்டை அங்கே உரக்கப் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் எழுந்து வரக்கூடாது.