பெயின்ட் முதலிலா, டைல்ஸ் முதலிலா?
பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது பெயின்டர், "முதல்ல நான் முடிச்சுடறேம்மா" என்பார். டைல்ஸ் போடுகிறவரும் அதையேதான் சொல்வார். வேலையை முடித்துப் பணம் வாங்க அவரவருக்கு அவசரம். கறையைச் சுரண்டப் போவது நாம்தானே!

என்னைக் கேட்டால், ஒயரிங் முடிந்ததும் பட்டி, பிரைமர், முதல் கோட்டிங்கோடு பெயின்டர் நிறுத்தட்டும். பட்டி தேய்க்கும் தூசி புதுத் தரையில் விழாது. அடுத்து டைல்ஸ், ஸ்கர்டிங். கடைசி கோட்டிங் அதற்கப்புறம்தான். டைல்ஸ் அறுக்கும் தூசியும், ஸ்கர்டிங் ஓரத்து சிமென்ட்டும் சுவரைச் சும்மா விடாது. அப்போது தரையில் பாலிதீன் ஷீட், அதன்மேல் கோணி விரித்தால் ஏணியும் கீறாது. பழைய புடவை மட்டும் போதாது, பெயின்ட் ஊறிவிடும்.

இரண்டு தடவை வர பெயின்டர் முணுமுணுப்பார். ரேட் பேசும்போதே சொல்லி, கொஞ்சம் பணத்தைக் கடைசி கோட்டிங்குக்கு நிறுத்தி வையுங்கள். அந்தப் பேச்சை வீட்டுக்காரரிடம் மட்டும் விட்டுவிடாமல் நீங்களும் பக்கத்தில் இருங்கள்.