பொழுதை இரவல் வாங்கலாமா?

பொழுதை அளந்து வாழ்தல் தமிழர்க்கு நேற்று வந்த பழக்கமன்று. அரசன் பாசறையில் நீர்வட்டிலைக் கொண்டு நாழிகை அறிந்துரைத்தோரை முல்லைப்பாட்டுக் காட்டுகின்றது. 24 மணித்துளி ஒரு நாழிகை. 60 நாழிகை ஒரு நாள். அப்பழம்பெருமையைப் பேசிக்கொண்டே, இன்றைய பொழுதை அயலாரிடம் இரவல் வாங்கி வாழும் நிலையைத்தான் ஈண்டுச் சுட்ட விரும்புகின்றோம்.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்கும் திருவரங்கத்து அரச கோபுரத்திற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு கல் தொலைவு. காவிரியைத் தாண்டி அதனைக் கடக்க வானொலி அலைக்குப் பத்து நுண்ணொடிக்குச் சற்றே கூடுதலாகும். நொடியைப் பத்து நூறாயிரம் கூறிட்டால் வரும் ஒரு கூறே நுண்ணொடி. ஒரே அலைவரிசையில் முறைவைத்துப் பேசியும் கேட்டும் இயங்கும் இற்றைக் கைப்பேசிக் கோபுரங்களோ, பொதுப்பொழுதினின்று 1.5 நுண்ணொடிக்கு மேல் பிறழலாகாது. அவை எல்லாம் ஒருங்கே பேசி, ஒருங்கே கேட்க வேண்டும். ஒன்று பிந்திப் பேசினால், கேட்டுக்கொண்டிருக்கும் அண்டைக் கோபுரத்தின் செவியை அஃது அடைத்துவிடும். மார்கழியில் திருவரங்கக் கோயிலின் வடக்கு வாயில் திறக்கும் நாளன்று, நெரிசலில் ஒருவர் மயங்கி விழ, மருத்துவ ஊர்தியை அழைக்கும் அழைப்பு அங்ஙனம் அடைபட்டால் விளைவு என்னாகும்?

இப்பொழுதைக் கோபுரங்கள் பெரும்பாலும் அமெரிக்கரின் சி.பி.எசு. கோள்களிடமிருந்தே பெறுகின்றன. இடி விழுந்து அலைவாங்கி பழுதுற்றாலோ, எவரேனும் குறிப்பலையைக் குலைத்தாலோ, தன்னுள் இருக்கும் அலையியற்றியை நம்பியே கோபுரம் நிற்க வேண்டும். அது குவார்ட்சுப் படிகமா, உருபிடியமா என்பதே கேள்வி.

குவார்ட்சுப் படிகத்தின் மெல்லிய சீவல் மின்னூட்டத்தால் அதிர்வது. நம் கைமணிப்பொறியில் உள்ளது நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. வெம்மை மாறினாலும் அகவை ஏறினாலும் அதன் அதிர்வெண் பிறழும். எனவே, உயர்வகைப் படிகத்தை மாறா வெம்மையுள்ள சிற்றறையில் வைத்துக் காக்கின்றனர். உருபிடியப் பொறியிலும் படிகம் உண்டு. ஆனால், நொடிக்கு ஏறத்தாழ 683 கோடி அதிர்வுடைய உருபிடிய அணு, அப்படிகத்தை ஓயாது திருத்திக்கொண்டே இருக்கும். ஆகவே உருபிடியம் படிகத்திற்குப் பகையன்று; ஆசான். எனினும் அதற்கு விலை மிகுதி, மின்செலவு மிகுதி, அதனுள் எரியும் விளக்கும் நாளடைவில் தேயும். மிகக் குறுகிய இடைவெளியில் நல்ல படிகமே அமைதியாக அதிரும்.

ஆகையால் 'எது உயர்ந்தது?' என்று கேட்பது பேதைமை. 'எத்துணை நேரம் தனித்து நிற்க வேண்டும்?' என்பதே கேட்கத்தக்கது. நாளொன்றுக்கு ஆயிரங்கோடியில் ஐந்து பங்கு பிறழும் வெம்மையறைப் படிகம், கோளின் குறிப்பு அற்றபின் நான்கைந்து மணிநேரம் வரம்புக்குள் நிற்கும். ஒருநாள் கழிந்தால் 20 நுண்ணொடி விலகிவிடும். உருபிடியமோ ஒரு திங்களிலும் அப்பிறழ்ச்சியில் பத்திலொரு பங்கே பிறழும். ஒருநாள் முழுதும் வரம்பைக் காக்க வல்லது. பழுதுநீக்குவோர் ஓரிரு மணிநேரத்தில் வந்தடையும் கோபுரத்திற்குப் படிகம் போதும். பல கோபுரங்களுக்குக் கம்பிவழிப் பொழுது வழங்கும் நடுநிலையத்திற்கு உருபிடியம் வேண்டும். எங்கும் உருபிடியம் என்பது வீண்பகட்டு. எங்கும் படிகம் என்பது கருமித்தனம்.

இன்னொன்றையும் எண்ணுக. ஆசானையே அயலாரிடம் வாங்கினால் என்னாகும்? 2013 சூலையில் ஏவப்பெற்ற ஐ.ஆர்.என்.எசு.எசு-1ஏ கோளில் இருந்த உருபிடிய மணிப்பொறிகள் மூன்றும் அயல்நாட்டில் வாங்கியவை. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதுற்றன. கோள் உயிரோடு இருந்தும் வழிகாட்டும் தகுதியை இழந்தது. அதற்கு மாற்றாக 2017 ஆகத்து 31-இல் ஏவிய கோளும், வெப்பக்காப்பு உறை பிரியாமையால் வீணாயிற்று. பின்னரே அகமதாபாத்து விண்வெளிப் பயன்பாட்டு நடுவத்தார் தாமே ஆக்கிய உருபிடிய மணிப்பொறி, 2023 மே 29-இல் என்.வி.எசு-01 கோளில் விண்ணேறியது. 2025 சனவரியில் ஏவிய என்.வி.எசு-02 தன் சுற்றுவழியை எட்டாது போனது மணிப்பொறியின் குற்றமன்று. பத்தாண்டு இடர்ப்பாடு கற்பித்த பாடம் இது: விலைகொடுத்து வாங்கிய பொறி பழுதுற்றால், அதன் உள்ளறிவும் நம் கையில் இராது.

எனவே, திருச்சிராப்பள்ளியின் பொறியியல் கல்லூரிகளில் பயிலும் தமிழ் இளைஞர்களே! அலையியற்றியை வாங்கிப் பொருத்துவதோடு அமையாதீர். பிரித்துப் பாருங்கள், பிறழ்ச்சியை நாளும் அளந்து எழுதுங்கள், அதனைத் தமிழில் எழுதுங்கள். நீர்வட்டிலின் துளையை எத்துணை நுண்மையாக இடுவது என்று ஒருவன் தன் கையால் செய்து பார்த்தான். அதனால்தான் நாழிகை நமக்குரியதாயிற்று. நுண்ணொடியும் நமக்குரியதாக வேண்டுமாயின் வழி அஃதொன்றே.